மொட்டைமாடி முதல் மோடம் வரை

தமிழ்நாட்டில் தொலைக்காட்சியின் வரலாறு பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் வரலாறாகவும் நிறுவனங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. எந்த அலைவரிசை எந்த ஆண்டில் தொடங்கியது, எந்தத் தொடருக்காகத் தெருக்கள் வெறிச்சோடின, அரசியலுக்கும் சின்னத்திரைக்கும் இடையே என்ன உறவு என்பவை பற்றிய பதிவுகளுக்குக் குறைவில்லை. படம் வராத நேரங்களின் வரலாறு அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. பெட்டி இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, படம் மட்டும் இல்லை என்ற நிலையில் ஒரு குடும்பம் யாரை அழைத்தது, எதை முதலில் சோதித்தது, எதைப் பிறகு சோதித்தது என்பது, ஒரு சமூகம் தன் கைக்கு வந்த கருவியை எவ்வளவு தூரம் புரிந்துவைத்திருந்தது என்பதற்கு நேரடிச் சான்றாகும். இன்று ஸ்மார்ட் டிவியின் திரையில் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று தோன்றும் ஒற்றை வரி, மொட்டைமாடியில் தொடங்கிய அந்த வரலாற்றின் அண்மைக் கட்டம். பழுது இருக்கும் இடம் இந்த ஐம்பது ஆண்டுகளில் வீட்டுக் கூரையிலிருந்து தெருக் கம்பத்துக்கும், அங்கிருந்து வானத்துக்கும், இறுதியில் கண்ணுக்குத் தெரியாத கணினிகளுக்கும் நகர்ந்துகொண்டே போனது. அதைத் தேடும் முறை மட்டும் அநேகமாக மாறவேயில்லை.

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்து சேர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே மாதம் தொடங்கி ஓராண்டுக் காலம் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையுடன் ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களில் நடத்தப்பட்ட கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனையில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. ஆகவே தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்பது தொடக்கத்தில் சென்னையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே அறிந்த பொருளாக இருந்தது. வானொலிப் பெட்டிக்குப் போலவே தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1980களின் நடுப்பகுதி வரை நடைமுறையில் இருந்தது. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா போன்ற பெட்டிகள் மரக்கூட்டுக்குள் கண்ணாடிப் படக்குழாயுடன் வீட்டின் நடுக்கூடத்தில் இடம்பிடித்தன. ஆனால் பெட்டியை வாங்கியதால் மட்டும் படம் வந்துவிடாது. அதற்கு வீட்டின் உச்சியில் ஓர் ஆன்டெனா நிற்க வேண்டும்.

அந்த ஆன்டெனாவின் வடிவம் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் 1926ஆம் ஆண்டில் ஷின்தாரோ உடா, ஹிதெத்சுகு யாகி ஆகிய இருவரின் ஆய்விலிருந்து பிறந்தது. நீண்ட அலுமினியத் தண்டின் குறுக்கே வெவ்வேறு நீளமுள்ள குழாய்களை வரிசையாகப் பொருத்திய, மீன்முள் போன்ற அமைப்பு அது. அவற்றுள் ஒன்று மட்டுமே பெட்டியோடு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பின்னால் நிற்கும் சற்று நீளமான குழாய், தாண்டிச் செல்ல முயலும் அலையை முன்னோக்கித் திருப்பும். முன்னால் நிற்கும் குட்டைக் குழாய்கள் அலையைக் குவித்துக் கொடுக்கும். வானலையின் நீளத்தில் பாதி அளவுக்கு நடுக்குழாய் இருக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. நொடிக்கு 6 கோடி முறை அதிரும் அலையின், அதாவது 60 மெகாஹெர்ட்ஸ் அலையின், நீளம் 5 மீட்டர். ஆகவே அதைப் பிடிக்கும் குழாய் இரண்டரை மீட்டர் அகலத்துக்கு விரிந்து நிற்க வேண்டும். அன்றைய கூரைகளின் மேல் ஆன்டெனா அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்கு அலையின் நீளமே காரணம். அண்டை வீட்டாருக்குப் பெருமை காட்டுவதற்கும் அந்த அகலம் பயன்பட்டது என்பது உண்மைதான் என்றாலும், அது அதன் உடன்விளைவு மட்டுமே.

இத்தகைய ஆன்டெனா ஒரு திசையை மட்டுமே பார்க்கும் என்பதால், காற்றில் சற்றே திரும்பினாலும், காகம் வந்து உட்கார்ந்து ஒரு குழாயை வளைத்தாலும், பெட்டியில் படம் கெட்டுவிடும். அப்போது ஒருவர் மாடியில் ஏறிக் குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்ப, இன்னொருவர் பெட்டிக்கு முன் நின்று பார்க்க, இருவருக்கும் நடுவே படிக்கட்டிலோ முற்றத்திலோ நிற்கும் மூன்றாமவர் ‘தெரியுதா’ என்ற கேள்வியையும் ‘இன்னும் கொஞ்சம்’ என்ற விடையையும் மேலும் கீழும் கடத்துவது வழக்கம். பொறியியல் மொழியில் இது பின்னூட்டம் எனப்படும்: செய்த மாற்றத்தின் விளைவை அறிந்து அடுத்த மாற்றத்தைச் செய்வது. பள்ளிப் படிப்பைத் தாண்டாத குடும்பங்களும் இந்த முறையைத் தாமாகவே கண்டு நடைமுறைப்படுத்தின. நோயைச் சொல்லும் சொற்களும் கூடவே உருவாயின. படம் புள்ளி புள்ளியாக வந்தால் அலை வலுவிழந்திருக்கிறது. ஒவ்வொரு முகத்துக்குப் பக்கத்திலும் மங்கலான இன்னொரு முகம், அதாவது நிழல், விழுந்தால் உயரமான கட்டடத்திலோ தண்ணீர்த் தொட்டியிலோ பட்டுத் திரும்பிய அலை சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. தெருவில் மோட்டார் சைக்கிள் போகும்போது மட்டும் கோடு கோடாக வந்தால் அதன் தீப்பொறிச் செருகி குறுக்கிடுகிறது. இந்த அடையாளங்களில் பலவற்றுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்லை. படத்தைப் பார்த்தே பழுது எங்கே என்று சொல்லக்கூடிய காலம் அது. பிந்திய தொழில்நுட்பங்கள் இந்தத் தெளிவை இழந்தன என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

பெட்டிக்கு உள்ளே இருந்த பழுதுகளுக்கு மெக்கானிக் தேவைப்பட்டார். வானொலி பழுதுபார்த்து வந்த கடைகளே தொலைக்காட்சியையும் ஏற்றுக்கொண்டன. தொழிற்பயிற்சி நிலையங்களில் ரேடியோ, டிவி மெக்கானிக் என்ற பாடப்பிரிவு ஏற்பட்டது. உதிரிப் பாகங்களுக்குச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு பெயர்பெற்ற சந்தையானது. அந்த மெக்கானிக்குகளின் முறையில் இரண்டு வழிகள் முதன்மையானவை. ஒன்று, அலை நுழையும் இடத்திலிருந்து படக்குழாய் வரை உள்ள பாதையைக் கண்ணி கண்ணியாகப் பிரித்து, எந்தக் கண்ணிவரை அலை நலமாக வருகிறது என்று மல்ட்டிமீட்டர் கொண்டு அளந்து போவது. மற்றொன்று, ஐயத்துக்குரிய பாகத்தைக் கழற்றிவிட்டு, நன்றாக வேலை செய்வதாக ஏற்கனவே தெரிந்த ஒன்றை அங்கே பொருத்திப் பார்ப்பது. படம் வந்துவிட்டால் கழற்றிய பாகமே குற்றவாளி. பெட்டியைத் தூக்கிச் சென்று பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் மாட்டிப் பார்ப்பதும் இதே மாற்றுச் சோதனையின் வீட்டு வடிவம்தான்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லச் செல்லக் கதை வேறாகிறது. சென்னை ஒளிபரப்பு எட்டாத இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடலோரங்களில் தொலைக்காட்சி முதலில் வேறொரு நாட்டிலிருந்து வந்தது. இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியுடன் தொடங்கியபோது, அதன் ஒளிபரப்பு நிலையம் அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் மேல், 2,524 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலை நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. இராமேசுவரமோ ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலும் தூத்துக்குடி அதற்கும் அப்பாலும் இருக்கின்றன. கணக்குப்படி வந்திருக்கக் கூடாத அந்தப் படத்தைக் கொண்டுவந்து சேர்த்ததில் கடலுக்குப் பெரும் பங்கு உண்டு. கடற்பரப்பை ஒட்டிய ஈரக் காற்றின் மேல் வெப்பமான உலர்காற்று படுத்துக்கொள்ளும்போது, இரண்டுக்கும் இடையே ஒரு குழாய்க்குள் அகப்பட்டதுபோல அலை சிக்கி, பூமியின் வளைவையும் மீறித் தொலைதூரம் ஓடுகிறது. இதனால்தான் சில நாட்கள் படம் கண்ணாடிபோல வருவதும் வேறு சில நாட்கள் எவ்வளவு திருப்பினாலும் வராமலே போவதும் நேர்ந்தது. ஆன்டெனாவில் பழுதே இல்லாமல் படம் போகக்கூடும், அதற்குக் காரணம் வானிலையாக இருக்கக்கூடும் என்ற பாடத்தைத் தென்கடலோரம் மற்றவர்களுக்கு முன்பே கற்றுக்கொண்டது.

அந்தப் பாடத்தின் விளைவாக அங்கே ஆன்டெனாக்கள் வானளாவ உயர்ந்தன. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, நாற்புறமும் கம்பியால் இழுத்துக் கட்டி, உச்சியில் பூஸ்டர் என்னும் சிறு பெட்டியைப் பொருத்தினார்கள். பூஸ்டர் என்பது வலுவற்ற அலையைப் பெருக்கிக் கீழே அனுப்பும் கருவி; அது ஏன் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் உச்சியில் இருக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. நீண்ட கம்பி வழியே இறங்கும்போது அலை தேய்கிறது, இரைச்சல் கூடுகிறது. தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். ஆகவே தேய்வதற்கு முன்பே பெருக்கிவிட வேண்டும். இந்த உண்மையைப் புத்தகம் பார்த்து அல்ல, பூஸ்டரை மேலும் கீழும் மாற்றி வைத்துப் பார்த்தே பலரும் அறிந்தார்கள். பின்னர் 1984இல் நாடெங்கும் குறைந்த ஆற்றல் கொண்ட மறு ஒளிபரப்பு நிலையங்கள் மிக வேகமாகத் திறக்கப்பட்டபோது தென்மாவட்ட நகரங்களுக்கும் அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷன் வந்தது. ஆனால் அந்நிலையங்கள் செயற்கைக்கோள் வழியாகத் தில்லி நிகழ்ச்சிகளையே பெற்று அனுப்பியதால், சென்னையின் திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ கொடைக்கானல் மலையில் உயர்ஆற்றல் நிலையம் அமையும்வரை அவர்களுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது.

1990களில் கேபிள் வந்தபோது மொட்டைமாடிக்கு ஏறும் வேலை நின்றது. வளைகுடாப் போரைத் தொடர்ந்து செயற்கைக்கோள் அலைவரிசைகள் பெருகின. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தமிழில் தொடங்கியது. தெருவுக்கொரு இளைஞர் பெரிய டிஷ் ஒன்றை நிறுவி, மின்கம்பங்களிலும் மரங்களிலும் கறுப்புக் கம்பி இழுத்து வீடுகளை இணைத்தார். அவருக்குக் கேபிள்காரர் என்ற பெயர் வழங்கியது. அவருடைய கம்பி, நடுவே செம்புக் கம்பியும் அதைச் சுற்றி உலோக வலையும் கொண்டது. தொலைவு கூடக் கூட அலை தேயும் என்பதால் இடையிடையே பெருக்கிகள் பொருத்தப்பட்டன. ஒரு பெருக்கிக்கு மின்சாரம் நின்றால் அதற்குப் பிந்திய வீடுகள் எல்லாம் இருண்டுவிடும், முந்திய வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே படம் போனதும் வீட்டார் செய்த முதல் சோதனை, பெட்டியைத் தொடுவது அல்ல. வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டில் ‘உங்களுக்குக் கேபிள் வருதா’ என்று கேட்பது. இந்தக் கேள்வி மிக எளிமையானது, ஆனால் மிகக் கூர்மையானது. அதற்குக் கிடைக்கும் ஒரே சொல் விடை, பழுது வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதை அந்த இடத்திலேயே பிரித்துக் காட்டிவிடும். பொறியாளர்கள் எல்லைபிரித்தல் என்று சொல்லக்கூடிய இம்முறை தமிழ்நாட்டுத் தெருக்களில் அன்றாட உரையாடலாகவே இருந்தது. தமிழ்நாடு அரசு 2006 முதல் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான இலவச வண்ணத் தொலைக்காட்சிகளை வழங்கிய பிறகு, இந்தக் கேள்வி கேட்கப்படாத தெருவே இல்லை என்னும் நிலை உருவானது.

டிடிஎச் என்ற நேரடிச் செயற்கைக்கோள் சேவையின் காலத்தை இந்த வரலாறு விரைவாகக் கடந்துவிடலாம். அதில் வீட்டார் செய்யக்கூடியது மிகக் குறைவு. அச்சேவை பயன்படுத்தும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவே என்பதால் கனமழைத் துளிகள் அதை உறிஞ்சிவிடுகின்றன. மழை விடும்வரை காத்திருப்பதே அதற்கு மருந்து. ஆயினும் ஒரு நிகழ்வை விட்டுவிட முடியாது. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்வழங்கலில் கோளாறு ஏற்பட்டு, அதன் 24 அலைபரப்பிகளில் 12 அணைக்கப்பட்டன. அதை நம்பியிருந்த டிடிஎச் வீடுகளில் அலைவரிசைகள் திடீரென்று மறைந்தன. பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டரில் நேர்ந்த அந்தப் பழுதை எந்த ஊரின் மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. பழுது எங்கிருக்கிறது என்று அறிவதும் அதைத் தீர்ப்பதும் ஒரே கையில் இருந்த காலம் முடிந்துவிட்டதை அது முன்கூட்டியே காட்டியது.

இணையம் இந்தப் பாதையில் வெகு தாமதமாகவே கலந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியபோது அது எழுத்துகளைக்கூடத் தயங்கித் தயங்கியே கொண்டுவந்தது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் பிஎஸ்என்எல் அகன்ற அலைவரிசைச் சேவை நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தில் தொடங்கியபோதும், திரையளவுப் படத்துக்கு அது போதவில்லை. அதே மாதத்தில் நடந்த இன்னொரு மாற்றம் இந்த வரலாற்றுக்கு முக்கியமானது. 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி வானலைக் கருவி எதையும் உரிமமின்றி வைத்திருக்கக் கூடாது என்ற நிலை இருந்தது; 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் வரிசையில் நின்ற நாட்டில், ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சிறு ஒளிபரப்பு நிலையத்தைத் தடையின்றி வைத்துக்கொள்ள இதனால் வழி பிறந்தது. வைஃபை ரௌட்டர் என்பது அதுவே: வெளியிலிருந்து கம்பி வழியாக வரும் இணையத்தை வீட்டுக்குள் வானலையாகப் பரப்பிப் பகிர்ந்து கொடுக்கும் பெட்டி. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தோடு இணையும் பெட்டிகள் கடைக்கு வந்தன. 2014இல் ஆண்ட்ராய்டு டிவி அறிமுகமானது. 2016க்குப் பிறகு தரவின் விலை சரிந்தது. 2020இன் ஊரடங்கில் திரையரங்குகள் மூடப்பட, ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ போன்ற படங்கள் நேரடியாக இணையத்தில் வெளியானபோது, ஸ்மார்ட் டிவி நடுத்தரக் குடும்பத்தின் தேவைப் பொருளாகிவிட்டது.

அதோடு புதிய நோயும் வந்தது. பழைய பெட்டியில் படம் மெல்ல மெல்லக் கெடும். புள்ளி கூடும், நிழல் விழும், பிறகே மறையும். இணையப் பெட்டியில் அந்தப் படிநிலைகளில் பெரும்பாலானவை இல்லை. வட்டம் ஒன்று சுழலும், அல்லது ‘இணைப்பு இல்லை’ என்ற அறிவிப்பு வரும். இந்த ஒரே அறிவிப்புக்குப் பின்னால் ஏழெட்டுக் கண்ணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், தொலைக்காட்சியைப் பற்றி எண்ணிப் பார்த்திராத மனிதர்களால் உருவாக்கப்பட்டவை. எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் தோன்றும் வரி ஒன்றே என்பதுதான் இன்றைய வீட்டாரின் திகைப்புக்கு மூலகாரணம்.

முதல் கண்ணி பழைய ஆன்டெனாவின் வாரிசு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஆகவே அதைப் பிடிக்கும் ஆன்டெனா விரல் நீளத்தில் சுருங்கிப் பெட்டியின் முதுகுக்குள் ஒளிந்துகொண்டது. கண்ணில் படாததால் அப்படி ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஆனால் விதிகள் பழையவைதான்: ரௌட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே கான்கிரீட் சுவரோ இரும்பு பீரோவோ நின்றால் அலை தேயும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இயங்குவதால் குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை இன்னும் குறுகியது, வேகமானது, சுவரைத் தாண்டும் வலு குறைந்தது. விலை குறைந்த பல பெட்டிகளுக்கு அந்த அலை கேட்கவே கேட்காது. கைபேசியில் தெரியும் வைஃபை பெயர் டிவியின் பட்டியலில் மட்டும் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ரௌட்டரின் அமைப்பில் 2.4 அலைவரிசையையும் இயக்கிவிட்டால் பெயர் தோன்றிவிடும். ரௌட்டரை பீரோவின் பின்னாலிருந்து எடுத்து அலமாரியின் மேல் வைப்பவர், மாடியேறிக் குழாயைத் திருப்பியவரின் வேலையையே செய்கிறார்.

இரண்டாவது கண்ணி முகவரி. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் எண்களால் ஆன முகவரி வேண்டும். அதை ரௌட்டர் தானாகவே வழங்கும் ஏற்பாடு 1993இல் வகுக்கப்பட்டது. டிஎச்சிபி எனப்படும் அம்முறையில் முகவரி சொந்தமாகத் தரப்படுவதில்லை, குத்தகைக்கு விடப்படுகிறது. தவணை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். பெட்டியின் நெட்வொர்க் நிலைப் பக்கத்தில் 192.168 என்று தொடங்கும் எண் இருந்தால் ரௌட்டர் முகவரி கொடுத்துவிட்டது என்று கொள்ளலாம். 169.254 என்று தொடங்கினால், கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் பெட்டி தனக்குத்தானே ஒரு முகவரியைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். சில பெட்டிகளில் வெறும் சுழிகளே தெரியும். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது, புள்ளி புள்ளியாக வரும் படம் பழைய வீட்டாருக்குச் சொன்ன அளவுக்குத் தெளிவான செய்தியைச் சொல்கிறது. மின்சாரத்தை அணைத்துப் போடுவது ஏன் இத்தனை முறை பலிக்கிறது என்பதற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. பல நாட்கள் ஓடிய ரௌட்டரின் நினைவகத்தில் பழைய குத்தகைகளும் பாதியில் நின்ற இணைப்புகளும் குவிந்து கிடக்கும். மின்சாரம் போனதும் அவை அழிந்து கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அதனால்தான் முதலில் வெளி இணையத்தை வீட்டுக்குள் ஏற்கும் பெட்டியான மோடம், அது நிலைபெற்றதும் ரௌட்டர், கடைசியில் டிவி என்ற வரிசையில் போட வேண்டும்: கொடுப்பவர் விழித்திருந்தால்தான் கேட்பவருக்கு முகவரி கிடைக்கும்.

மூன்றாவது கண்ணி பெயர். நிகழ்ச்சி தரும் நிறுவனத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேட்டை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இணையம் வந்துகொண்டிருந்தும் பதிவேடு பதில் சொல்லாவிட்டால் டிவி ‘இணைப்பு இல்லை’ என்றே அறிவிக்கும். சேவை நிறுவனத்தின் பதிவேட்டுக்குப் பதிலாக 8.8.8.8 போன்ற பொதுப் பதிவேட்டின் எண்ணை அமைப்புகளில் இட்டுப் பார்ப்பது, மெக்கானிக் வேறொரு பாகத்தைப் பொருத்திப் பார்த்த அதே மாற்றுச் சோதனைதான். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி டிவியை அதோடு இணைத்துப் பார்ப்பதும் அவ்வாறே. படம் வந்துவிட்டால் பெட்டி நலமாக இருக்கிறது, கோளாறு ரௌட்டரிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. பக்கத்து வீட்டு ஆன்டெனாவுக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்ற சோதனை இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

நான்காவது கண்ணி நேரம், வியப்பூட்டுவதும் இதுவே. டிவி ஒரு சேவைக் கணினியோடு பேசத் தொடங்கும்போது, அது போலியல்ல என்பதற்கான டிஜிட்டல் சான்றிதழைக் கேட்டுச் சரிபார்க்கிறது. அச்சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பல பெட்டிகளில் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் கிடையாது. மின்சாரம் போய்வந்தபின் இணையத்திலிருந்து நேரம் பெறும்வரை, கணினி உலகில் காலக்கணக்கின் தொடக்கமான 1970 ஜனவரி 1க்கே அவை திரும்பிப் போய்விடக்கூடும். அந்தத் தேதியோடு பார்த்தால் உலகின் எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவேயில்லை. ஆகவே பெட்டி எல்லாரையும் நம்ப மறுக்கிறது. வைஃபை முழுவதும் தெரிகிறது, முகவரி சரியாக இருக்கிறது, செயலி மட்டும் திறக்கவில்லை என்ற புதிருக்குத் தேதியைத் திருத்துவதே பல நேரங்களில் தீர்வாவது இதனால்தான்.

இதன் மறுபக்கம் கடுமையானது. நம்பகமான சான்றளிப்பவர்களின் பட்டியல் பெட்டிக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். தயாரித்த நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்துத் தந்தால்தான் அது புதுப்பிக்கப்படும். 2021 செப்டம்பர் 30 அன்று, ஏராளமான வலைத்தளங்களுக்கு அடிப்படையாக இருந்த வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானபோது, பழைய மென்பொருளோடு நின்றுவிட்ட கருவிகள் பலவற்றுக்கு ஒரே நாளில் இணைப்பு அறுந்தது. அதற்கு முன்பே, 2015 ஏப்ரலில், யூடியூப் தன் பழைய தொடர்புமுறையைக் கைவிட்டதும் 2012ஆம் ஆண்டுக்கும் அதற்கு முன்னுக்கும் உரிய பல ஸ்மார்ட் டிவிகளில் அச்செயலி நின்றுபோனது. அந்தப் பெட்டிகளில் எந்தப் பாகமும் எரியவில்லை, எந்தக் கம்பியும் அறவில்லை; திரை பளிச்சென்று இருந்தது. சாலிடேர் பெட்டி ஒன்றை இருபது ஆண்டுகள் கழித்தும் உதிரிப் பாகம் போட்டு ஓட்ட முடிந்த மெக்கானிக்குக்கு, பழுதே இல்லாத பழுதாகிய இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு கைத்தொழிலின் அறிவு பயனற்றுப் போவதில் உள்ள இழப்பு சிறியதல்ல. பணம் கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளைத் தொலைதூரத்து முடிவு ஒன்று தீர்மானிப்பது நியாயமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே எழுகிறது. செயலி நின்றுபோன பெட்டியின் எச்டிஎம்ஐ துளையில் தனியாக விற்கப்படும் சிறு ஸ்டிக்கைச் செருகி மீண்டும் ஓடவைப்பது, இந்நிலையில் வீட்டாருக்கும் மெக்கானிக்குக்கும் மிஞ்சியிருக்கும் வழி.

அனலாக் முறையில் தரைவழியே பரப்பிய தன் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவற்றைத் தூர்தர்ஷன் 2022க்குள் மூடிவிட முடிவுசெய்தது. மீன்முள் ஆன்டெனாக்களில் எஞ்சியவை, வாங்குவதற்கு அலையில்லாமல் பழைய மாடிகளில் நிற்கின்றன. சிலவற்றின் கம்பத்தில் துணிக்கொடி கட்டப்பட்டிருக்கிறது. கேபிள்காரரோ மறையவில்லை. கறுப்புக் கம்பி ஓடிய அதே கம்பங்களில் அவர் இப்போது ஒளியிழை இழுக்கிறார். தலைமுடி பருமனுள்ள கண்ணாடி நாரில், செம்பில் ஓடிய அலைக்குப் பதிலாக ஒளி ஓடுகிறது. வீட்டுக்குள் அந்த இழை வந்து சேரும் பெட்டியில், ஒளி வராதபோது எல்ஓஎஸ் என்று எழுதிய சிறு விளக்கு சிவப்பாகக் கண்சிமிட்டும். அது சிமிட்டும்போது டிவியையோ ரௌட்டரையோ தொடுவதில் பயனில்லை. பழுது வெளியே இருக்கிறது. அணில் கடித்ததா, லாரி உரசியதா, மரக்கிளை முறிந்து விழுந்ததா என்று தேடி வருபவரின் கையில் உள்ளங்கை அளவுள்ள ஒளியளவி ஒன்று இருக்கும். வீட்டுமுனையில் இழையைக் கழற்றி அதில் செருகினால் எண் தோன்றும்: மைனஸ் 20 என்றால் நலம், மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழே போனால் பெட்டிக்கு ஒளி போதாது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கம்பத்தில் ஏணியைச் சாத்துவதற்கு முன், அவர் அடுத்த வீட்டு வாசலில் நின்று கேட்கும் முதல் கேள்வி, ‘உங்க வீட்ல நெட் வருதா?’